சனி ஞாயிறு அப்பாவிடம் ஃபிரிட்ஜ்

லிஃப்ட் மெக்கானிக்குக்கும் அவன் மனைவிக்கும் விவாகரத்து ஆனதில் பெரிய ரகளை ஒன்றும் இல்லை. பதினோரு வருஷம் ஒரே வீட்டில் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, இனி ஒத்துவராது என்று இருவருமே கையைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் அவள், மகளோடு பழைய வீட்டிலேயே இருப்பது. அவன் இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில் ஓர் அறை எடுத்துக்கொள்வது. இவ்வளவுதான் ஏற்பாடு. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதைச் சொல்லி யாராவது சிரித்தால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தீர்ப்பின் நகல் கைக்கு வந்தபோதுதான் வில்லங்கம் தொடங்கியது. தட்டச்சு செய்த புண்ணியவான் இரண்டு பத்திகளில் பெயர்களை மாற்றிப் போட்டிருந்தார். அதன்படி ஃபிரிட்ஜ் வார நாட்களில் தாயிடமும், சனி ஞாயிறு தந்தையிடமும் இருக்க வேண்டும். அதன் எதிரில் ஒருவர் மற்றவரைத் தரக்குறைவாகப் பேசக் கூடாது. ஒன்பது வயது மகளையோ மதிப்புப் போட்டு விற்று, வருவதை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

“திருத்தச் சொல்லி மனு போட்டாச்சு. ஆறு வாரம் ஆகும்” என்றார் வக்கீல்.

“அதுவரைக்கும் என்ன சார் பண்றது?”

“அதுவரைக்கும் இதுதான் உத்தரவு. மீறினா கோர்ட் அவமதிப்பு.”

“சார், பொண்ண விக்கச் சொல்லியிருக்கு.”

“அதுக்குக் கெடு போடல. நிதானமா பாத்துக்கலாம். ஃபிரிட்ஜுக்குத்தான் சனிக்கிழமை காலைல ஒம்பது மணின்னு நேரம் போட்டிருக்கு. லேட் பண்ணிடாதீங்க.”

சனிக்கிழமை தள்ளுவண்டியோடு போனான். மகள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். சுண்டு விரல் அளவுக்குப் பிறந்தவள் என்பதால் அவளுக்குச் சுண்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

“நீ எங்கடா கிளம்பிட்ட? உன்ன அனுப்பச் சொல்லி அதுல போடலயே.”

“ஃபிரிட்ஜ் புது எடத்துல தனியா இருக்காதுப்பா. நான் கூட வரேன்.”

மூன்று மாடி ஏற்ற ஒரு ஆள் போதாது. மனைவி கீழ்ப் பக்கத்தைப் பிடித்தாள். முதல் திருப்பத்திலேயே அவன் கை நழுவி, கைப்பிடிச் சுவரில் ஃபிரிட்ஜ் உரசியது. அவள் திட்ட வாயைத் திறந்தாள். சுண்டு ஃபிரிட்ஜைக் கண்ணால் காட்டினாள். மனைவி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, “நீங்க கொஞ்சம் மெதுவா ஏறினா நல்லா இருக்கும்” என்றாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அவனிடம் அப்படிப் பேசியதில்லை. அவனும் தட்டுத்தடுமாறி, “உனக்கு வெயிட் அதிகமா வருதா? இடம் மாத்திக்கலாமா?” என்று கேட்டுவைத்தான்.

இப்படியே மூன்று வாரம் ஏறி இறங்கினார்கள். நான்காம் வாரம், தந்தையும் தாயும் சேர்ந்திருக்கும்போது பொருளைப் பார்க்க வேண்டும் என்று கோர்ட்டிலிருந்து மதிப்புப் போடுபவர் பழைய வீட்டுக்கு வந்தார். பொருள் சோபாவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது.

“வாங்கின ரசீது இருக்கா?”

மனைவி பிறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

“பழுது ஏதாவது?”

“ஒண்ணும் கிடையாது” என்றான் அவன்.

“இடது கண்ல பவர் இருக்கு. அந்தப் பக்கக் கடவாப்பல் ஒண்ணு விழுந்திருக்கு” என்றாள் மனைவி.

“தூக்கத்துல பேசுவேன்” என்று சுண்டு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

அவனுக்கு முகம் செத்துப்போனது. மகள் கண்ணாடி போட்டிருப்பது தெரியும். எந்தக் கண்ணுக்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. வந்தவர் ‘பயன்படுத்தியது, நல்ல நிலை’ என்று எழுதி, கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். அவன் பேனாவை வாங்கவில்லை.

“கையெழுத்துப் போட மாட்டேன் சார். என்ன வேணா எழுதிக்கோங்க.”

“நானும்தான்” என்றாள் மனைவி.

“அப்ப, ரெண்டு தரப்பும் ஒத்துழைக்கலன்னு எழுதிடறேன்” என்று அவர் மனத்தாங்கல் இல்லாமல் எழுதிக்கொண்டு போனார். பிரிந்த பிறகு அவர்கள் இருவரும் ஒரே பக்கம் நின்றது அதுதான் முதல் தடவை.

ஏழாம் வாரம் திருத்திய உத்தரவு வந்தது. சுண்டு சனி ஞாயிறு அப்பாவிடம் இருக்கலாம். ஃபிரிட்ஜை விற்றுவிட வேண்டும். மாடிப்படியில் அடிபட்டதில் அது அதற்குள் உயிரை விட்டிருந்தது. பழைய இரும்புக்காரர் கேள்வி கேட்காமல் தூக்கிப்போனார்.

அந்தச் சனிக்கிழமை சுண்டு மட்டும் படியேறி வந்தாள். அறை நடுவே நின்று சுற்றிலும் பார்த்தாள்.

“இதுல எனக்கு எந்தப் பக்கம்ப்பா?”

அவன் அதை யோசித்திருக்கவில்லை. “உனக்கு எது வேணுமோ எடுத்துக்கோ” என்றான்.

அவள் ஜன்னல் பக்கத்தை எடுத்துக்கொண்டாள். கட்டில், மேஜை, அலமாரியில் மேல் இரண்டு தட்டு, வெளிச்சம் நன்றாக விழும் விளக்கு எல்லாம் அவளுக்குப் போயின. அவன் பங்குக்கு ஒரு நாற்காலியும் கதவோரத்துச் சுவரும் மிஞ்சின. அவன் மறுபேச்சுப் பேசாமல் பாயை அந்தச் சுவரோரம் விரித்தான்.