வேண்டாமென்ற வெந்நீர்

நேமத்தான்பட்டி மெய்யநாதன் செட்டியார் வீட்டு மாடுகளுக்கு மடிநோய் வந்தபோது ஊர் முழுக்க ஒரே பேச்சுத்தான்: முத்துவீரன் கை கெட்டுப்போச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே கம்பவுண்டர் சம்சுதீன்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

சம்சுதீன் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். நல்ல வேலைக்காரர், யாரிடமும் முகம் சுளிக்காதவர். செட்டியார் வீட்டில் பதினோரு பசுக்கள். இருபது வருடமாக அவற்றைக் கறந்தவர் முத்துவீரன். அவருடைய கைராசி அவ்வளவு பேர்போனது. சுற்றுவட்டாரத்தில் எங்கே தலையீற்றுப் பசு கன்று போட்டாலும் முதல் கறவைக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

1971 கார்த்திகையில் நாலு பசுக்களுக்கு மடி இறுகி, பால் திரிதிரியாக வந்தது. சம்சுதீன் பாலைக் குப்பிகளில் பிடித்து, நம்பர் ஒட்டி, மெட்ராஸில் ஒரு லேபுக்கு அனுப்பினார். அங்கே முயல் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் வைத்திருப்பார்கள். கிருமிச் சாற்றை அதன்மேல் விட்டால், அந்தச் சீரத்துக்குரிய கிருமியாக இருந்தால் மட்டும் நடுவில் வெள்ளை வளையம் கட்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியில் எந்த வகுப்பு என்று அதை வைத்துச் சொல்லிவிடுவார்கள். பதில் வந்தது. நாலும் ‘பி’ வகுப்பு, பெரும்பாலும் கறப்பவர் கைவழியே மாட்டுக்கு மாடு தாவுவது.

சம்சுதீன் அதை அப்படியே வாசித்துக் காட்டி, “கறக்குற கைதான் செட்டியாரே” என்றார்.

செட்டியார் சத்தம்போடுகிறவர் அல்ல. “நாளையிலேர்ந்து நீ வர வேணாம்ப்பா” என்று மட்டும் சொன்னார்.

முத்துவீரன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். “வெளக்கெண்ணெ தொட்டுத்தான்யா கறக்குறேன். வேற ஒண்ணும் தெரியாதே” என்றார். ஒரே வாரத்தில் செய்தி காரைக்குடி வரை போய்விட்டது. அதற்கப்புறம் ஒரு வீட்டிலும் அவரை மாட்டைத் தொட விடவில்லை.

தை மாசக் கடைசியில் லேபிலிருந்து இரண்டாவது காகிதம் வந்தது. சிவகங்கைப் பக்கம் ஏகப்பன் என்பவர் தொழுவத்து மாடுகளின் பாலையும் சம்சுதீன் அனுப்பியிருந்தார். அதுவும் பி வகுப்புத்தான். அதோடு விட்டார்களா? பி-க்குள்ளேயும் உட்பிரிவு உண்டாம். அதற்கும் தனித்தனிச் சீரம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு தொழுவத்துக் கிருமியும் ஒரே பிரிவு, உங்கள் பக்கத்திலிருந்து வந்த மற்ற எந்தக் குப்பியிலும் இல்லாதது, மாடு கைமாறியதா, கறப்பவர் ஒருவரா என்று விசாரிக்கவும் என எழுதியிருந்தார்கள்.

மாடு கைமாறவில்லை. ஏகப்பன் தொழுவத்தில் முத்துவீரன் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. இரண்டு இடத்திலும் கைவைத்த ஒரே ஆள் சம்சுதீன்.

ஐப்பசியில் ஒரு ரம்ஜான் நோன்பு நாள் அவருக்கு ஞாபகம் வந்தது. காலையில் ஏகப்பன் பசுவின் காம்பில் பால் வடிக்கும் சின்ன உலோகக் குழாயைச் செருகிச் சீழை வடித்தார். அதே குழாயோடு பஸ் ஏறி நேமத்தான்பட்டி வந்தார். செட்டியார் வீட்டுச் செவலைக்கு முள் கீறிக் காம்பு அடைத்திருந்தது. மத்தியானச் சமையல் முடிந்து அடுப்பு அணைந்துவிட்ட நேரம். செட்டியாரின் மனைவி சிட்டாள் ஆச்சி வந்து, “குழாயப் போட்டெடுக்க வெந்நி வைக்கட்டுமா தம்பி?” என்று கேட்டார். நோன்பு திறக்க வீடு போய்ச் சேர வேண்டும், பஸ்ஸை விட்டால் அவ்வளவுதான். “வேணாம் ஆச்சி, சிரமப்படாதீக” என்று சொல்லி, குழாயைக் கிணற்றுத் தண்ணீரில் அலசி, வேட்டி நுனியில் துடைத்துக் காம்பில் செருகிவிட்டார். அந்தச் செவலைக்குத்தான் நோய் முதலில் வந்தது. மற்ற மூன்றுக்கும் முத்துவீரன் கை கொண்டுபோயிருக்கும், சரி. செவலைக்குக் கொண்டுவந்தது யார்? அட பாவி மனுஷா!

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வேலை போய்விட்டால் மனைவி சுலைகாவும் மூன்று பெண்பிள்ளைகளும் என்ன செய்வார்கள் என்று பயந்து, காகிதத்தை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தார். ஏழு வாரம் அது அங்கேயே கிடந்தது. தொழுகையில் நின்றாலும் அதே நினைப்பு, சோற்றில் கைவைத்தாலும் அதே நினைப்பு. பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த கையோடு செட்டியாரிடம் போய் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார்.

செட்டியார் வாசல் பக்கம் கையைக் காட்டினார். “என்கிட்டச் சொல்லி என்னத்துக்கு ஆச்சு? அவன்கிட்டப் போய்ச் சொல்லுங்க. நாளைக்கே வரச் சொல்லுங்க.”

முத்துவீரன் வீட்டு வாசலில் கருவேல விறகு பிளந்துகொண்டிருந்தார். சம்சுதீன் சொல்லி முடித்ததும் கோடாலியைக் கீழே வைத்து, இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

“அப்ப என் கையில அது இல்லையாய்யா?”

“இல்லண்ணே. சோப்புப் போட்டுக் கழுவுனாலே போயிருக்கும். கொண்டாந்தது என் குழாய்தான். என்னை மன்னிச்சிருங்க.”

முத்துவீரன் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடச் சம்சுதீனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“மார்கழியில எம்மக கண்ணம்மைக்கு இங்கதான் பிரசவம். ஆம்பளப் பிள்ள. மாட்டு மடியவே கல்லா இறுக்குற கிருமி, பச்சப் பிள்ளைய என்ன பண்ணுமோன்னு நான் கிட்டப் போகல. ‘ஒரு தடவ தூக்குங்கப்பா’ன்னு அழுதா. அங்குட்டு நின்னு பாத்ததோட சரி.”

“தூக்குங்கண்ணே! தாராளமாத் தூக்குங்க.” சம்சுதீன் ஆவலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். உத்தரத்தில் தொட்டில் கயிறு மட்டும் தொங்கியது. “பிள்ள எங்கண்ணே?”

“அந்தமானுக்குப் போயிருச்சு. மாப்பிள்ள வந்து கூட்டிட்டுப் போயிட்டாக. போன செவ்வாக்கிழம கப்பல். இனி மூணு வருசம் கழிச்சுத்தான் லீவாம்.”

விரித்த கைகளை மடக்காமலே முத்துவீரன் கேட்டார்: “ஒரு வாரம் முந்தி வந்திருக்கக் கூடாதா, கம்பவுண்டரய்யா?”