பன்னிரண்டு லாரி கருமணல்

எட்டு லாரிதான் தருவதாகச் சொன்னார்கள். பேரம் பேசி அதைப் பன்னிரண்டாக்கியவள் நான். வேறு யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது மேல்.

பா என்ற நகரத்தில் அப்பாவின் துணிக்கடையில், மேசைக்கு அடியில் வளர்ந்தவள் நான். நடக்கப் பழகுவதற்கு முன்னால் முழம் போடப் பழகினேன். கல்யாணம் ஆயிற்று, கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்தது, கடைசியில் நமாராவில் வந்து விழுந்தோம். ஒரு தகரக் கடை, பின்பக்கம் ஓர் அறை. கணவன் நாந்தியில் பஸ் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைதான் முகம் தெரியும். நமாராவில் நாற்பது வீடு. பாதிப் பேர் என்னைப் போல நிலம் போனவர்கள், பாதிப் பேர் தீவுகளிலிருந்து வேலை தேடி வந்தவர்கள். யாருக்கும் பட்டா கிடையாது. கடல் ஏறினால் சமையலறைக்குள் நண்டு வரும். விலை கேட்காமல் வந்த சரக்கு என்று பிடித்துக் குழம்பு வைப்போம்.

ஓடைக்கு அந்தப் பக்கம் பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலை. அதற்கு மேலே குன்று. ஆலையால் பிழைக்கிற பெரிய வீடுகளெல்லாம் குன்றின் மறுபக்கச் சரிவில் இருக்கின்றன. வருஷத்தில் பத்து மாதம் காற்று குன்றிலிருந்து எங்களை நோக்கி வீசும். காற்றுக்கும் ஆள் பார்க்கத் தெரியும்.

அந்த ஆலையின் முற்றத்தில் கறுப்பு மணல் மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. உருக்கியது போக மிஞ்சிய கசடு. எங்கள் பாதையோ முழங்கால் சேறு. எங்கள் பெரியவர் விலியாமே, இடித்துக் கரைத்துக் குடிக்கிற கவா வேரில் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பேச நானும் கூடப் போனேன். இந்த ஊரில் வேரை வைத்து ஒன்றைக் கேட்டால், எதிரில் இருப்பவர் அதைக் கையால் தொட்டுவிட்டால் முடிந்தது. கேட்டதைக் கொடுத்தாக வேண்டும்.

மேலாளர் ஹஸ்முக் பாயும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைதான். உள்ளூர் வழக்கமெல்லாம் தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்பதில் அவருக்கு ஒரு பெருமை. தொழிலாளர்களோடு தரையில் சப்பணமிட்டுக் கவா குடிப்பார், கையைக் குவித்து மும்முறை தட்டுவார். அன்றும் வேரைத் தொட்டார், தட்டினார்.

"எட்டு லாரி அனுப்புறேன்" என்றார்.

"பெரியவர் சுமந்துக்கிட்டு வந்த வேருக்கு எட்டுதானா, பாய்? பாதி வழியிலேயே சேறு எங்களை முழுங்கிடுமே."

"ஏம்மா வதி, உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா? பன்னெண்டு எடுத்துக்க. லாரியும் நம்மளுது. போதுமா?"

போதும் என்று சொல்லிவிட்டு மகாராணி மாதிரி நடந்து வந்தேன். பாதை, வாசல், வீடுகளுக்கு அடிப்பக்கம், எல்லாம் கருமணல். ஊரே என்னைக் கொண்டாடியது. அந்த வருஷம்தான் என் மகள் அனிஷ்டா தவழ ஆரம்பித்தாள். அந்தப் பாதையில்தான் தவழ்ந்தாள்.

அவளுக்கு மூன்று வயது முடிந்தபோது சுகாதார நிலையத்திலிருந்து லிட்டியா நர்ஸ் வந்து குழந்தைகளின் ரத்தம் எடுத்துப் போனாள். இரண்டு வாரம் கழித்து அட்டையோடு வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"முப்பத்தொண்ணு, அக்கா. அஞ்சு இருந்தாலே நாங்க கவலைப்படுவோம்."

"முப்பத்தொண்ணா? என்னது முப்பத்தொண்ணு?"

"ரத்தத்துல ஈயம். வயித்து வலின்னு அழறாளா? சொன்ன வார்த்தையை மறக்கிறாளா?"

போன வருஷம் அவள் நான்கு நிறம் சொல்வாள். இப்போது கேட்டால் இரண்டு சொல்லிவிட்டு என் வாயைப் பார்க்கிறாள். பிள்ளைக்கு விளையாட்டுப் புத்தி என்று நான்தான் வருகிறவர்களிடமெல்லாம் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

லிட்டியா வாசல் மணலைக் கிள்ளி ஒரு பையில் போட்டாள். அட்டையின் அடியில் 'இடம் மாற்றவும்' என்று எழுதினாள்.

"எங்க மாத்துறது, லிட்டியா? அதையும் எழுதிக் குடேன்."

அவள் பேனாவை மூடினாள். "எனக்கும் வேற எழுதத் தெரியல, அக்கா."

அன்றிலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை. ஒரு நாளைக்கு நான்கு தடவை தரையைத் துடைத்தேன். துடைத்து முடித்துத் திரும்பினால் கறுப்பாக ஒரு கோடு, ஜன்னல் விளிம்பில், அரிசிச் சாக்கின் மடிப்பில். அனிஷ்டாவின் கையைத் தோல் சுருங்கும்வரை கழுவினேன். இடுப்பிலேயே வைத்துக்கொண்டு வியாபாரம் செய்தேன். "எறக்கு, எறக்கு" என்று காலை உதைத்துக்கொண்டு அழுவாள். எங்கே இறக்குவது? நாற்பது வீட்டு நமாராவில் என் பிள்ளையை இறக்கிவிட ஓர் அடி மண் இல்லை. இருந்த சேற்றையும் மூடிவிட்டேன். நல்ல பேரம்.

ஹஸ்முக் பாயிடம் தனியாகப் போனேன். தேநீர் வரவழைத்தார். அட்டையைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"பாவம். ஆனா ஒண்ணு சொல்லு, வதி. நீ கேட்ட, நான் குடுத்தேன். அதுவும் நாலு லாரி கூட. கிழிச்சுக் குடுத்த துணியை எந்தக் கடையில திரும்ப எடுப்பாங்க?"

என் அப்பாவே எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

விலியாமேயிடம் சொன்னேன். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து ஒரு தம்புவாவை எடுத்து வந்தார். திமிங்கிலத்தின் பல், கயிறு கட்டி, எண்ணெய் தடவித் தடவிப் பழுப்பேறியது. வேர்க்கட்டை ஒரு தம்புவாவின் முன் வைத்தால் அது வெறும் விறகு. தம்புவாவைக் கையில் வாங்கிவிட்டு இல்லையென்று சொன்னவன் பிறகு எந்த ஊரிலும் தலைகாட்ட முடியாது.

"என் சாவுக்குன்னு வெச்சிருந்தேன்" என்றார்.

"அப்ப வேணாம், மாமா."

"அட, சாவுக்கு என்ன அவசரம்? அது வேற ஏதாவது வாங்கிக்கிட்டுப் போகட்டும்."

மறுநாள் பகல் சாப்பாட்டு வேளையில் போனோம். நேரம் பார்த்தது நான்தான். தொழிலாளர்கள் அறுபது பேரும் முற்றத்தில் இருப்பார்கள்; சாட்சி இல்லாத வியாபாரம் எனக்குப் பிடிக்காது. விலியாமே முற்றத்து நடுவில் உட்கார்ந்து, பல்லை இரு கையிலும் ஏந்தி, ஆலையை விளித்து, முன்னோரை விளித்து, பேச ஆரம்பித்தார். அறுபது பேரும் சோற்றுப் பாத்திரத்தை மூடினார்கள். சத்தம் அடங்கியதைக் கேட்டுத்தான் ஹஸ்முக் பாய் வெளியே வந்தார்.

எத்தனை வருஷப் பழக்கம்! தரையில் பெரியவர், கையில் பல், சுற்றிலும் மௌனம். பார்த்தவுடன் மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். வாங்கினார். முகர்ந்தார். "நன்றி, பெரியவரே" என்று அழகாகச் சொன்னார். அறுபது ஜோடிக் கைகள் குவிந்து தட்டின. அந்தச் சத்தத்தில்தான் அவருக்குத் தன் கையில் இருப்பது என்னவென்று உறைத்தது.

"என்ன கேட்டீங்க, பெரியவரே?" என்றார் மெதுவாக.

"அந்த மணலை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க" என்றார் விலியாமே.

ஹஸ்முக் பாய் பல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அறுபது பேரையும் பார்த்தார். "திங்கக்கிழமை லாரி வரும்" என்றார்.

திங்கட்கிழமை விடிந்ததும் லாரி வந்தது. லிட்டியா சொன்னபடி எல்லோரும் மூக்கைத் துணியால் கட்டி, மணலை நனைத்து நனைத்து வெட்டினார்கள். அனிஷ்டாவை லிட்டியாவின் வீட்டில் விட்டிருந்தேன். முதலில் என் வாசலைத்தான் வெட்டச் சொன்னேன். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு வெட்கமே இல்லை. முதல் லாரி நிரம்பியது. அது போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஓட்டுநர் செமிசியின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

பாலம் தாண்டினால் ஆலைக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். செமிசி வலப்பக்கம் திருப்பினான்.

"எங்கடா போற?"

"வுனிதோங்கோவுக்கு, அக்கா."

"அங்க எதுக்கு?"

"அவங்களும் கேட்டிருக்காங்களே. போன மாசம் வேர் கொண்டாந்து வெச்சாங்க. பாய் அதையும் தொட்டுட்டாரு." செமிசி சிரித்தான். "ஒரே மணல். ரெண்டு வாக்கும் தீர்ந்துடுச்சு. மூளைக்காரரு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எடுத்துப் போங்கள் என்று கேட்டோமே தவிர, எங்கே என்று கேட்கவில்லை. முழம் போடத் தெரிந்த எனக்கு அது தோன்றவில்லை.

வுனிதோங்கோ எங்களைவிடக் கீழே, சதுப்பு மரங்களுக்குள்ளேயே இருந்தது. பலகை மேல் பலகை போட்டு நடக்கிறார்கள். பாதை முனையில் மண்வெட்டியோடு ஒருத்தி, இடுப்பில் கைக்குழந்தை. பெயர் சலோத்தே என்று பிறகு தெரிந்தது. லாரியைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"வந்துட்டியா, தம்பி! எத்தனை நடை?"

"பன்னெண்டு."

"பன்னெண்டு எந்த மூலைக்கு? பாய்கிட்ட சொல்லி ஒரு அஞ்சு கூடப் போடச் சொல்லு. உனக்கு நண்டு தரேன்."

அவளுடைய பேரம் எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் கொடுமை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு லாரியும் இங்கே. அனிஷ்டாவை நாளைக்கே வாசலில் விடலாம். சரக்கைத் தள்ளிவிடுகிறவனுக்கு, வாங்குகிறவளே அதைப் புகழ்வதைவிட வேறு என்ன வேண்டும்? செமிசி பின்பக்கத் தடுப்பைத் தட்டித் திறக்கப் போனான். அவளுடைய குழந்தை லாரியிலிருந்து உதிர்ந்த துளி மணலைப் பார்த்துக் கையை நீட்டியது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. குதித்த வேகத்தில் முட்டி பலகையில் அடித்தது.

"வேணாம். கொட்ட விடாத. இது வெஷம்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ யாரு?"

"நமாராவுலேர்ந்து வரேன். இது எங்க மணல்."

"ஓ! உங்க மணலா? அதானே பார்த்தேன். உங்களுக்குக் குறையுதுன்னு வெஷங்கிறியா? நாங்க மட்டும் சேத்துல கெடக்கணுமா? நாங்களும்தான் வேர் வெச்சோம்!"

அவள் சொன்னதில் தப்பில்லை. அவளிடத்தில் நான் இருந்தால் இதைவிட மோசமாகப் பேசியிருப்பேன். ரவிக்கைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள்.

"முப்பத்தொண்ணு. பரீட்சை மார்க்கா?"

"என் பொண்ணு ரத்தத்துல இருக்கிற ஈயம். மூணு வயசு. அஞ்சு இருந்தாலே தப்பு. இந்த மணல்லதான் தவழ்ந்தா. இந்த மணலைப் பேரம் பேசி வாங்கினது நான்தான். நீ அஞ்சுதான் கூடக் கேட்ட. எட்டைப் பன்னெண்டாக்கினவ நான்."

சலோத்தே அட்டையை இன்னொரு தடவை பார்த்தாள். குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள், லாரியிலிருந்து தள்ளி. பிறகு போய் லாரியின் பின் சக்கரத்துக்கு நேரே பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, எந்திரி" என்றான் செமிசி. "அப்ப நான் இதை எங்கதான் கொட்டுறது?"

"எங்க உருவாச்சோ அங்க" என்றேன்.

"வேலை போயிடும், அக்கா."

"நீ கொட்ட வேணாம். கொண்டுபோய் நிறுத்து. மத்ததை நாங்க பார்த்துக்கறோம்."

சலோத்தே எழுந்து ஏறிக்கொண்டாள், மண்வெட்டியையும் விடவில்லை. முன்னிருக்கையில் நாங்கள் மூவரும் ஒரு குழந்தையும். ஆலையின் கேட் சாத்தியிருந்தது. யாரோ போன் செய்திருக்கிறார்கள். செமிசி லாரியை கேட்டுக்குக் குறுக்காக, அலுவலக ஜன்னலுக்கு நேரே நிறுத்தினான். சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டான். "எனக்குப் பசிக்குது" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு எதிர்க்கடைக்கு நடந்தான்.

வெயிலில் மேல்மணல் காய்ந்திருந்தது. காற்று தூக்கிற்று. ஜன்னல் கண்ணாடியில் முதல் கறுப்புப் படிந்தபோது ஹஸ்முக் பாய் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"முதல்ல அதை மூடுங்க! தூசி உள்ள வருது! டேய், யாராவது தார்ப்பாய் கொண்டாங்கடா!"

"ஏன் பாய்?" என்றாள் சலோத்தே. "நல்ல மணல்னுதானே குடுத்தீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் மூக்கிலிருந்த கைக்குட்டையைப் பார்த்தேன். முற்றத்தில் தொழிலாளர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். சொல்லிவைத்தாற்போல எல்லோரும் அந்தக் கைக்குட்டையையே பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் நமாராவில் குடியிருப்பவர்கள். அவர் கையைக் கீழே இறக்கப் பார்த்தார், இன்னொரு காற்று வந்தது, முடியவில்லை.

"கேட்டைத் திறங்க" என்றார் கடைசியில். "கொட்டகைக்குள்ள கொண்டுபோய்க் கொட்டி மூடி வைங்க."

"பன்னெண்டையும்" என்றேன்.

"பன்னெண்டையும்."

"வாய்ச்சொல் போதாது, பாய். எழுதிக் குடுங்க. வேற எந்த ஊருக்கும் போகாதுன்னும் சேர்த்து."

அலுவலகத்துக்குள் போனதும் உட்காருங்கள், தேநீர் சொல்கிறேன் என்றார். யாரும் உட்காரவில்லை. எழுதி முடிக்கும்வரை சலோத்தே மண்வெட்டியோடு மேசைப் பக்கத்திலேயே நின்றாள். நான் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். காகிதத்தை வாங்கி அவளிடம் கொடுத்தேன். அதற்குள் செமிசியைக் கடையிலிருந்து கூப்பிட்டு லாரியை உள்ளே ஓட்டச் சொல்லியிருந்தார்கள்; கொட்டி முடித்த லாரி வெளியே வந்தது. செமிசி வாயில் ரொட்டியோடு ஹாரன் அடித்தான்.

"வரீங்களா இல்லையா? இன்னும் பதினொண்ணு இருக்கு!"

நாங்கள் ஓடினோம்.