முடிந்த நேரம்

விசாரணை அதிகாரி காகிதத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். அதிலிருந்த கணினிப் பதிவின்படி, கொதிகலன் அறையின் நீராவிக் குழாய் மூன்று முறை ஒழுகியிருந்தது. மூன்று முறையும் நின்றிருந்தது. பத்து நாளைக்கு முன் அதே குழாய் வெடித்துத்தான் ஃபிட்டர் செத்துப்போனார். அவருடைய மனைவியும் அவள் அண்ணனும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒவ்வொரு தடவையும் நின்னுடுச்சுன்னு பதிவு இருக்கும்மா. அப்போ குழாய்ல குறை இல்ல. அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் வால்வைத் திறந்த விதம்தான் தப்புன்னு ஆகுது."

அண்ணன் காகிதத்தில் 'முடிந்த நேரம்' என்றிருந்த கட்டங்களைப் பார்த்தான். தொழிற்சாலையில் என்னென்ன உண்டு, அவற்றுக்கு என்னென்ன நேரலாம் என்று வகை பிரித்துக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்த புண்ணியவான் அவன்தான். குழாய் என்பது பொருள். ஒழுகல் என்பது நிகழ்வு. நிகழ்வென்றால் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கணினி பதிவை ஏற்காது. நடந்துகொண்டே இருப்பதற்கும், நாளுக்கு நாள் மோசமாவதற்கும் தனி வகை வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. அந்த வகையைச் சேர்த்தால் முடியாத பதிவுகள் மலைபோல் குவியும், மேலாளர் உயிரை வாங்குவார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். அந்த அப்புறம் வரவேயில்லை.

இறந்துபோன மச்சான் அந்த மூன்று முறையும் அவன் அறைக்குத்தான் வந்திருந்தார்.

"குழாய் ஒழுகுதுன்னு எழுது மச்சான்."

"எப்ப நின்னுச்சுன்னு கேக்குது."

"நின்னாத்தானே சொல்றதுக்கு?"

இருவரும் சிரித்தார்கள். அவன் ஷிஃப்ட் முடியும் நேரத்தைப் போட்டு, 'ஒழுகியது' என்று எழுதினான். முடிந்துபோனதைப் பழுது பார்க்க யார் வருவார்கள்? ஒருவரும் வரவில்லை.

"இந்த மூணும் வேற வேறதானே?" அதிகாரி இப்போது அவனைக் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் வேலை போகாமல் தப்பும். பழி செத்தவர் தலையில் விழும், அவர் வந்து மறுக்கப்போவதில்லை. அப்படி நினைத்ததற்கே அவனுக்குத் தன்மீது அருவருப்பாக இருந்தது.

"இல்ல சார். ஒரே ஒழுகல்தான். ஒரு தடவைகூட நிக்கல. முடிஞ்ச நேரம் மூணும் நான் போட்டது."

"அவர் சொல்லிப் போட்டீங்களா?"

"அவர் ஒழுகுதுன்னுதான் சொன்னார்."

அதிகாரி எழுத ஆரம்பித்தார். தங்கை அழவில்லை. எழுந்து, தன் நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் அதிகாரியின் பக்கத்தில் போட்டு, அண்ணனுக்கு நேரெதிரே உட்கார்ந்தாள்.