தந்தை பெயர் கட்டாயம்

அமைப்பில் அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். நாளடைவில் ஊமை உதிர்ந்து கோட்டான் மட்டும் நின்றது. கேட்க எப்படி இருந்தாலும் அதில் ஒரு செல்லம் இருந்தது. "கோட்டான், அந்தப் பெட்டியைப் பிடி", "கோட்டான் வந்தாச்சா, அப்ப வேலை முடிஞ்ச மாதிரிதான்" என்று ஆளுக்கொரு பக்கமிருந்து கூப்பிடுவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் லென்ஸ் தேய்த்துத் தேய்த்து, மிஷின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காமல் வாரத்தைக் கழித்தவள் அவள். யாராவது கூப்பிட்டாலே போதும், ஓடிப்போய் நிற்பாள்.

வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கண் பரிசோதித்து இலவசமாகக் கண்ணாடி கொடுப்பது அமைப்பின் வேலை. எல்லாரும் இளவட்டம். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை, ஆடிக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறி, ஒரு கம்ப்யூட்டர். தலைவர் முப்பதைத் தொடாதவர். பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆள் வேண்டும். "நாம அமைப்பு இல்ல, ஒரே குடும்பம்" என்று எந்தப் பேச்சையும் முடிப்பார், உடனே எல்லாரும் கை தட்டுவார்கள். கோட்டான் மட்டும் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். குடும்பம் என்றால் என்னவெல்லாம் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த அறையில் மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

சேர்ந்த அன்று விவரம் பதிய வேண்டியிருந்தது. பதிந்தவள் அலுவலகப் பொறுப்பாளர், எல்லாருக்கும் மைக். அவள் பேசினால் கீழே சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர் பதில் சொல்வார், அதனால் வந்த பெயர். மைக் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். வயது, ரத்த வகை, வீட்டு முகவரி. அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது? அம்மாவை. அம்மாவுக்கு எங்கே வேலை? பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில். தந்தை பெயர்?

"அது வேண்டாம்."

"வேண்டாம்னா இது விடமாட்டேங்குதுடி. பாரு, நட்சத்திரம் போட்டிருக்கு. கட்டாயமாம்."

மைக் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தாள். ஒரு கோடு போட்டுப் பார்த்தாள். கம்ப்யூட்டர் இரண்டுக்கும் சிவந்தது. "இதைச் செஞ்சவனுக்கு நல்ல அப்பாவா வாய்ச்சிருக்கார்போல" என்று சிரித்தவள், எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

அன்றைக்குத்தான் கோட்டான் வாய் திறந்தது. அப்பா அம்மாவை என்ன செய்தார், அம்மாவின் இடது கை ஏன் முழுதாக மடங்காது, இரண்டு பைகளோடு எப்படி ஊரைவிட்டு வந்தார்கள் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். இந்த ஊருக்கு வந்தபோது அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். அந்த ஆள் பெயரை எங்கேயும் சொல்லாதே, எழுதாதே. இத்தனை வருஷமாக அவள் அதைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தாள்.

கேட்டு முடிப்பதற்குள் மைக்கின் மூக்கு சிவந்துவிட்டது. அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இங்க பாரு. குறிப்புன்னு ஒரு இடம் இருக்கு. 'தந்தையைத் தொடர்புகொள்ளக் கூடாது'ன்னு அதுல போடறேன். இதைத் திறக்கிற பாஸ்வேர்டு என்கிட்ட மட்டும்தான் இருக்கு. கழுத்தை அறுத்தாலும் என் வாயிலேர்ந்து வராது."

நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், தன் கதைக்கு ஒருத்தி அழுது பார்த்தது அதுதான் முதல் தடவை. பெயரைச் சொன்னாள். அடுத்த கட்டத்துக்கும் நட்சத்திரம் இருந்தது. பழைய ஊரில் அவர் மேஸ்திரியாக இருந்த மரக்கடையையும் சொன்னாள். ஏதாவது ஒரு பொய்யை அடித்துவிட்டிருக்கலாம். பொய் சொல்லிப் பழகாதவர்களுக்கு அவசரத்தில் உண்மைதான் வாயில் வந்து நிற்கிறது.

அதன்பிறகு இரண்டு பேரும் நகமும் சதையும் ஆனார்கள். முகாமுக்குப் போனால் ஒரே பெஞ்சு, ஒரே டப்பாவில் சாப்பாடு. மைக் பேசுவாள், கோட்டான் தலையாட்டுவாள். அம்மாகூட, "உனக்கு ஒரு சிநேகிதி கிடைச்சாளே, அது போதும்டி" என்று சந்தோஷப்பட்டாள்.

ஆண்டு விழாவில் அமைப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷம் உயிரைக் கொடுத்து உழைத்தவர் ஒருவரை மேடைக்கு அழைப்பார்கள். அவருக்குத் தெரியாமல் வீட்டாரைக் கூட்டி வந்து திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார்கள். தலைவர் இழுத்து இழுத்துப் பேசி, கூட்டத்தை ஏங்க வைத்து, திரையை விலக்குவார். போன வருஷம் ஒருவனுடைய அண்ணன் கடல் தாண்டி வேலை பார்க்கும் இடத்திலிருந்து வந்து இறங்கினான். இரண்டு பேரும் கட்டிக்கொண்டதில் கூட்டம் முழுக்க மூக்கைச் சிந்தியது. கோட்டானும் சிந்தினாள். அந்த வீடியோவைப் பார்த்துத்தான் நன்கொடை கொட்டியது என்று தலைவர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இந்த வருஷம் யார் என்று அவளுக்கே தெரிந்துபோயிற்று. அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. மைக் காரணமில்லாமல் அவள் கன்னத்தைக் கிள்ளினாள். அம்மா வேறு, "எனக்கு அன்னிக்குச் சாயங்கால ஷிஃப்ட்டுடி, வர முடியாது" என்று சொல்லியிருந்தாள். அம்மாவுக்கும் நடிக்கத் தெரிகிறதே என்று அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள். அம்மாவை மேடையில் எல்லாருக்கும் காட்டப்போகிறோம் என்பதில் அவளுக்கு இரண்டு நாளாகத் தூக்கம் பிடிக்கவில்லை. கடையில் ஒரு லென்ஸைத் தலைகீழாகப் பொருத்தி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. அவள் பெயரைச் சொன்னதும் விசில் பறந்தது. மேடை ஏறிப் பதக்கம் வாங்கிக்கொண்டு திரையைப் பார்த்து நின்றாள். அம்மா கூச்சப்படுவாள், நாமே முன்னால் போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருந்தாள். தலைவர் இழுத்துக்கொண்டிருந்தார். "நம்ம கோட்டான் பேசவே பேசாது. ஏன் பேசாதுன்னு நாம யாராவது யோசிச்சோமா? ஒரு குடும்பம் செய்ய வேண்டிய வேலையை இன்னிக்கு நாம செய்யப்போறோம்!"

திரை விலகியது. அவள் சிரித்துக்கொண்டே இரண்டு அடி முன்னால் வைத்துவிட்டாள்.

அப்பா நின்றிருந்தார்.

இஸ்திரி போட்ட சட்டை, மை தடவிய முடி, கையில் பூங்கொத்து. கொஞ்சம் இளைத்திருந்தார். கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. "ஆறு வருஷத்துக்கு அப்புறம் அப்பாவும் மகளும்!" என்று தலைவர் கத்த, கூட்டம் எழுந்து நின்று தட்டியது. அவளுக்குக் கால் நகரவில்லை. பாசத்தில் உறைந்துபோய் நிற்கிறாள் என்று கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது. அவர் வந்து கட்டிக்கொண்டார். தலையைத் தடவிக்கொடுத்தபடியே காதோரம் மெதுவாகக் கேட்டார்.

"உங்கம்மா கை இப்ப நல்லா மடங்குதா?"

பிறகு தலைவர் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கி அழகாகப் பேசினார். அவருக்கு எப்போதுமே பேச வரும். "தொலைச்ச பொண்ணை எனக்குத் திருப்பிக் குடுத்த இந்தக் குடும்பத்துக்கு நான் செருப்பா உழைப்பேன்" என்றபோது முன்வரிசையில் ஒரு அம்மாள் வாய்விட்டே அழுதாள். அவர் கும்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கோட்டான் மேடையின் பக்கவாட்டுப் படியில் இறங்கினாள்.

அங்கே மைக் காத்திருந்தாள். கண்ணெல்லாம் ஈரம், முகமெல்லாம் சிரிப்பு.

"யாரு இவரைக் கூப்பிட்டது?"

"நான்தான்டி! மரக்கடைக்கு போன் போட்டு, அங்கேர்ந்து நம்பர் வாங்கி, மூணு மாசமா யாருக்கும் மூச்சு விடாம..."

"கூப்பிடக் கூடாதுன்னு நீதானே எழுதின."

"எழுதினேன். அப்புறம் மனசு கேக்கல. நீ சொன்னது உன் பக்கம். அவர் பக்கத்தையும் கேக்கணும் இல்ல? ஒவ்வொரு தடவையும் போன்ல குழந்தை மாதிரி அழுதார். தப்பெல்லாம் குடியால வந்ததாம். இப்ப குடியை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சாம். ஒரு மனுஷன் திருந்தவே கூடாதா?"

"அவர் என்னிக்குமே குடிச்சதில்ல."

மைக்குக்கு அது முதலில் புரியவில்லை. பிறகு மெதுவாகப் புரிந்தது, முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றது. பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடாத ஆள்தான் அம்மாவின் கையை முறித்தார். நிதானமாக, கதவைத் தாழ் போட்டுவிட்டு, அக்கம்பக்கத்துக்குக் கேட்காமலிருக்க ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு. அதையும் அவள் அன்றைக்கே சொல்லியிருந்தாள். இவள் அழுத அழுகையில் பாதிதான் காதில் விழுந்திருக்கிறது.

எதிரி செய்தால் திட்டலாம். கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள், தன் சாப்பாட்டில் பாதியைத் தின்றவள், மூன்று மாசமாகத் தினமும் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறாள். துரோகம் என்று சொன்னால்கூட இவளுக்குப் புரியாது. பரிசு கொடுத்ததாகத்தானே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"வேற என்ன சொன்ன அவர்கிட்ட? வீடு எங்கன்னு சொன்னியா?"

"பொண்ணுக்குச் சாமான் வாங்கி அனுப்பணும்னார். அதனால..."

"சொல்லிட்ட."

"அதுமட்டும் இல்லடி." இப்போது அவள் குரல் எதிரே இருந்தவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "தலைவர்தான் சொன்னார், செய்யறதை முழுசா செய்யணும்னு. உங்கம்மாவைக் கூட்டிட்டு வர ஆஸ்பத்திரிக்கு வேன் போயிருக்கு. அவருக்கும் சொல்லிட்டோம். உனக்குப் பரிசுன்னு மட்டும்தான் அவங்ககிட்ட சொல்லியிருக்கு. மூணு பேரையும் மேடையில சேர்த்து..."

மீதியைக் கேட்க அவள் அங்கே இல்லை. போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே நாற்காலிகளுக்கு நடுவே ஓடினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பதக்கம் நெஞ்சில் இடித்தது. "பாரு, சந்தோஷத்துல ஓடுது!" என்று யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். வாசலில் இருந்தவர்கள் அவளை நிறுத்தி வாழ்த்துச் சொல்லக் கை நீட்டினார்கள். முதல் தடவையாக அவள் நான்கு பேரைத் தள்ளிக்கொண்டு போனாள்.

வேன் வந்து நின்றுவிட்டிருந்தது. அம்மா இறங்கிக்கொண்டிருந்தாள். சலவைப் பிரிவு உடுப்பை மாற்றக்கூட நேரம் கொடுக்கவில்லை போலிருக்கிறது, மேலே கட்டியிருந்த ஏப்ரனை மட்டும் அவிழ்த்து மடித்து இடுக்கிக்கொண்டிருந்தாள். சோப்புத்தூள் வாசனை வந்தது. "என்னடி, பரிசாமே! முன்னாலயே சொல்லியிருந்தா ஒரு நல்ல துணியாவது..." என்று சிரித்தபடி வந்தவள் பாதியில் நின்றாள். மகளின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

அவர் மண்டபத்துப் படியில் பூங்கொத்தோடு நின்றார். அவசரமே இல்லை. சுற்றிலும் அமைப்பின் பனியன் போட்ட பிள்ளைகள், எல்லார் கையிலும் செல்போன். தலைவர் மூச்சிரைக்க ஓடி வந்து, "ஆஹா, மேடையில வெச்சிருக்கலாமே! பரவாயில்ல, இங்கேயே எடுங்கப்பா!" என்றார்.

அம்மா கத்தவில்லை, ஓடவும் இல்லை. நல்ல கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்து, அவள் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"நீயா வரச் சொன்ன?"

"இல்லம்மா."

"அப்ப எப்படி?"

பேரைச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும். "பேரு கேட்டாங்கம்மா. சொன்னேன்." மணிக்கட்டைப் பிடித்திருந்த அம்மாவின் விரல்கள் தளர்ந்தன. அப்பா பழைய ஊரில் செய்த எதுவும் அவளை இந்த அளவு வலிக்கச் செய்ததில்லை. அவள் விடவில்லை. விலகப் பார்த்த அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

வேன் ஓட்டி வந்தவர் மட்டும் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு ஏதோ சரியில்லை என்று புரிந்துகொண்டார். அமைப்பில் பழைய ஆள், நல்ல மனிதர். சத்தமில்லாமல் வேன் கதவைத் திறந்து பிடித்தார். "அம்மாவை ஏத்தும்மா. அவங்க கிட்ட வர்றதுக்கு முன்னாடி கிளம்பிடலாம். எங்க விடணும், சொல்லு."

அவர் மனதார உதவத்தான் கேட்டார். அவளுக்கு அது தெரிந்தது. மைக்கும் மனதாரத்தான் செய்தாள், தலைவரும் மனதாரத்தான் செய்தார். வீட்டு முகவரியும் அம்மாவின் வேலையிடமும் அந்த ஒரே கம்ப்யூட்டரில் இருந்தன, அங்கிருந்து அப்பாவின் சட்டைப் பைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. இனிமேல் போகப்போகிற இடம் ஒன்றுதான் இன்னும் யாருக்கும் தெரியாதது. அவளுக்கே இன்னும் தெரியாது.

"சொல்ல மாட்டேண்ணா" என்றாள்.

"எங்கிட்ட என்னம்மா, நாமெல்லாம் ஒரே..."

"சொல்ல மாட்டேன்."

பதக்கத்தைக் கழற்றி வேன் சீட்டில் வைத்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தாள். அந்தப் பக்கம் வந்த முதல் பஸ்ஸை, போர்டைக்கூடப் பார்க்காமல், கைகாட்டி நிறுத்தினாள்.