ஆறவிடாத கை

என் வீட்டுக்காரர் வின்ஸ்டன் காரமடைப் பக்கம் பைக்கில் சறுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே சிராய்த்துக்கொண்டார். கோடையில் பட்ட காயம், ஐப்பசி மழை வந்தும் ஆறவில்லை.

சர்க்கரையாகத்தான் இருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதி, அவர் டீயில் இனிப்பை நிறுத்தினேன். கருவாட்டையும் கத்திரிக்காயையும் வீட்டுக்குள் விடவில்லை. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இல்லை என்று வந்தது. "இன்னொரு தடவை சீழ் வெச்சா, தொடையில தோலெடுத்து ஒட்ட வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர்.

எங்கள் சர்ச்சில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அந்த ஞாயிறு போதகர் பிரசங்கத்தை இழுத்துக்கொண்டிருந்தபோது எதிர்வரிசையைப் பார்த்தேன். வின்ஸ்டனின் கை பேன்ட்டின் கால்பக்கமாக உள்ளே நுழைந்து காயத்துக்குப் போயிருந்தது. முகம் மட்டும் பிரசங்கத்தில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க, நீங்களே நோண்டிப்போட்டு என்னையப் பத்தியம் சமைக்க உட்டீங்களா?"

பைபிள் மேல் கைவைத்து, இனித் தொடமாட்டேன் என்றார். நானும் பார்சல் கட்டுவதுபோல் காலைச் சுற்றிக் கட்டினேன். மறுநாள் கட்டுத் துணியில் ரத்தம்.

அப்போது கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. கீழே உட்கார்ந்து கேட்டேன். "வலிக்கலீங்களா?"

"வலிக்குது அம்மணி. பொருக்கு காஞ்சு ஓரத்துல தூக்கி நிக்கும். கை அங்கயே போவுது. எடுத்தாத்தான் மூச்சு வருது. எடுத்துப்போட்டு, ஏன்டா எடுத்தோம்னு அழுகை வருது."

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் பாகங்களுக்குப் பிசிறு எடுக்கிற வேலை அவருக்கு. வார்ப்பின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டுவார். சொரசொரப்பு தட்டினால் அரத்தால் ராவுவார், வழவழப்பாகும்வரை விடமாட்டார். இந்த வருஷம் அந்த வேலைக்கு மெஷின் வந்துவிட்டது. இவரை கேட் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. திமிர், பொய் என்று நான் கத்தியதெல்லாம் தப்பு. சத்தியம் பண்ணியது வாய்தான், அது கைக்குக் கேட்கவில்லை.

டாக்டரிடம் சொன்னோம். அவர் திட்டவில்லை. இதற்கும் வைத்தியம் இருக்கிறது என்று மனநல டாக்டரிடம் அனுப்பினார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். கை பரபரக்கும்போது அடக்கிக்கொண்டு தனியாக உட்காராமல் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லச் சொன்னார். இவர் வாய் திறந்து சொல்லிவிட்டாலும்! எனக்கு நம்பிக்கையே இல்லை.

அடுத்த ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவில் வின்ஸ்டன் திரும்பி என்னைத் தேடினார். இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக் கோத்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

எழுந்து நடைபாதையைத் தாண்டி ஆண்கள் வரிசைக்குப் போனேன். ஒரு பெரியவர் முறைத்தார். நானும் முறைத்தேன். அவர் நகர்ந்து இடம் விட்டார்.

வின்ஸ்டனின் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் கட்டைவிரல் என் உள்ளங்கையில் மெதுவாக ஊர்ந்து, பாத்திரம் தேய்த்துக் காய்ப்பேறிய இடத்தில் நின்றது.

"இங்க சொரசொரன்னு இருக்குது" என்று கிசுகிசுத்தார்.

"இருந்துட்டுப் போவுதுங்க" என்றேன்.

விரல் அங்கேயே இருந்தது. எதையும் பிய்க்கவில்லை.