கையை மட்டும் எடுத்த கேமரா

செங்கல்பட்டுக்கு வெளியே இருந்த அந்தக் கம்பெனியில் துர்காதேவி லைன் லீடர். டிராக்டருக்குள் ஓடுகிற வயர்களை அளவாக வெட்டி, முனையில் கனெக்டர் மாட்டி, ஒரே கட்டாக டேப் சுற்றி அனுப்புவார்கள். ஹார்னஸ் என்று பெயர். சரக்கெல்லாம் ஐரோப்பாவுக்குப் போகும்.

அந்த வாரம் சரக்கு வாங்குகிற கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். வழக்கமாக வருகிறவர்கள் முடிந்த ஹார்னஸை இழுத்துப் பார்ப்பார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். இவர்கள் அதைத் தொடவே இல்லை. வேலை செய்கிற பெண்களின் கைக்கு நேராகக் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முகம் குறுக்கே வந்தால் ஒதுங்கச் சொன்னார்கள்.

"கையப் போயி இன்னாத்துக்கு எடுக்குறானுங்க?" என்றாள் பக்கத்தில் நின்ற சின்னப்பொண்ணு. துர்காவைவிட வயதில் மூத்தவள். இருவரும் திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரே கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள்.

"எனக்கும் சரியாப் படலக்கா."

துர்கா மேனேஜர் ஜெயக்குமாரிடம் கேட்டாள். "சும்மா ட்ரெயினிங் வீடியோம்மா" என்றார் அவர், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். யாருக்கு ட்ரெயினிங் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளை மட்டும் காரில் ஏறச் சொன்னார். வந்தவர்கள் தங்கியிருந்த மாமல்லபுரத்து ஓட்டலில் சாப்பாடு. லைனில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். சின்னப்பொண்ணு மட்டும் தலை நிமிரவில்லை.

வறுத்த இறால் வந்தது. துர்கா தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள். வந்தவர்களில் ஒருவர் இங்கிலீஷில் பேச, ஜெயக்குமார் தமிழில் சொன்னார்: "மொராக்கோவுல புதுசா ஒரு லைன் போடறாங்க. நீ ஆறு மாசம் அங்க இருந்து பொண்ணுங்களுக்குக் கத்துக் குடுக்கணும்."

"நம்ம லைன் இன்னா ஆவும் சார்?"

அவர் தண்ணீர் குடித்தார். "அத அப்புறம் பாக்கலாம்."

"யோசிச்சு சொல்றேன் சார்."

திங்கட்கிழமை பஸ்ஸில் சின்னப்பொண்ணு பக்கத்து சீட்டில் பையை வைத்திருந்தாள். துர்கா நின்றுகொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னாள்.

"அப்ப போறேன்னுட்டியா?" என்றாள் சின்னப்பொண்ணு.

"இல்லக்கா. யோசிக்கிறேன்னுதான் சொன்னேன்."

"நம்ம சோத்துல மண்ணப் போட யோசன வேற!"

அன்றிலிருந்து டீ நேரத்தில் துர்கா வந்தால் பேச்சு நின்றது. அவளால் தாங்க முடியவில்லை. ஜெயக்குமாரிடம் போய், தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டாள். அதையும் யாரும் நம்பவில்லை. வெளியே வேண்டாமென்று சொல்லிவிட்டு உள்ளே கையெழுத்துப் போட்டிருப்பாள் என்று பேசிக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளில் சின்னப்பொண்ணு வேலைக்கு வருவது நின்றது. "பாஸ்போர்ட் வாங்க அலைஞ்சிகினு கீது" என்றார் பஸ் டிரைவர் ஏசுபாதம். துர்கா அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனாள். சின்னப்பொண்ணு உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

"நீ வேணான்னுட்ட. எவளாவது போவத்தான் போறா. எனுக்குப் படிக்கிற பொண்ணு கீது."

"அப்ப என்னிய ஏன்க்கா அப்புடிப் பேசுன?"

"அப்ப நெஜமாவே சந்தேகந்தான் துர்கா. ஜெயக்குமாரு என்னாண்ட வந்து கேட்டப்புறந்தான் நீ சொன்னதெல்லாம் நெஜம்னு புரிஞ்சுது."

"புரிஞ்ச பெறகு பஸ்ஸுல ஒருத்திகிட்டயாவது சொன்னியா?"

சின்னப்பொண்ணு கதவைப் பாதி சாத்தினாள். துர்கா திரும்பி நடந்தாள்.

சின்னப்பொண்ணு விமானம் ஏறி இரண்டு மாதத்தில் லைனில் வயர்களைப் பரப்பிக் கட்டுகிற போர்டுகளில் பாதியைக் கழற்றினார்கள். சிலரை பேக்கிங்குக்கு மாற்றினார்கள், சிலரை வரவேண்டாம் என்றார்கள். துர்கா மிச்சமிருந்த பாதியில் இருந்தாள். பஸ்ஸில் அவளுக்கு மறுபடி இடம் கிடைத்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஜெயக்குமார் அவளைக் கூப்பிட்டால் இப்போதும் எல்லோருடைய கையும் ஒரு நொடி நின்றது.

அதனால் அவள் தனியாகப் போவதில்லை. பக்கத்தில் யார் நிற்கிறாளோ அவளையும் கூட்டிக்கொண்டுதான் போவாள்.