இத்துப்போன கொடி

எங்கள் வீட்டு ஐயாவுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. இன்ஷூரன்ஸ் ஆபீசில் மேலாளர். வீட்டில் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடமாட்டார். நான் கிள்ளும்போது மட்டும், "அப்படி இல்லை, இப்படி" என்று திருத்துவார். வாய்த்த புருஷன்.

வீட்டுக்குப் பக்கவாட்டில், மதில் ஓரம் நான் மனோரஞ்சிதக் கொடி வைத்து நாலு வருஷம் ஆகிறது. அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி, காய்ந்த சருகை அடியில் பரப்பி, பக்கத்து வீட்டுப் பக்கம் தாவிய கிளைகளை இழுத்து இழுத்துக் கட்டி வளர்த்தேன். பூ மட்டும் வரவில்லை. ஐயாவுக்கு அந்த இடத்தில் கார் ஷெட் போட வேண்டும்.

"இலை வளர்க்கறதுக்கா இவ்வளவு இடம்? மழைக்கு முன்னாடி ஒரே ஒரு பூ காட்டு. ஷெட் பேச்சையே எடுக்கமாட்டேன்" என்றார்.

போன வாரம் பார்த்தேன், கிளை கிளையாகப் பூ. மனோரஞ்சிதம் பூக்கும்போது இலையின் பச்சையிலேயே இருக்கும், வாசனையும் இராது. பழுத்து மஞ்சளான பிறகுதான் மணக்கும். மஞ்சளாகட்டும், மூக்குக்கு நேரே நீட்டலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். பச்சையாகக் காட்டினால் இலை என்றே சாதிப்பார்.

திங்கட்கிழமை அவருக்கு லீவு. நான் வேலை பார்க்கும் பல் டாக்டர் கிளினிக்கிலிருந்து போன் செய்தேன். காலையில் துணி காயப்போடும்போதே கயிறு நார் நாராகப் பிரிந்திருந்தது.

"சைடுல இருக்கற கொடி இத்துப் போச்சுங்க. அறுத்துப் போட்டுருங்க. வரும்போது புதுசு வாங்கிட்டு வரேன்."

"சரி" என்றார். மறுபேச்சே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன வேலையை மனுஷர் உடனே செய்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் நைலான் கயிறும் கையுமாக வந்தேன். மனோரஞ்சிதம் மதிலோரம் குவியலாகக் கிடந்தது. இத்துப்போன கயிறு அப்படியே தொங்கியது. அதில் அவருடைய சட்டைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அந்தச் சட்டைகளை ஒதுக்கிவிட்டுக்கொண்டுதான் செடியை வெட்டியிருக்கிறார்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"நீதானே கொடிய அறுக்கச் சொன்னே? ஒருவழியா உனக்கே புத்தி வந்துருச்சுன்னு நெனச்சேன்."

"நான் சொன்னது துணிக்கொடி."

"அது கயிறு. கயிறுன்னு சொல்லியிருக்கணும். பேசறதுல ஒரு தெளிவு வேணும்."

அந்தக் கொடியில் ஒரு நாள் ஒரு கைக்குட்டையாவது காயப்போட்டிருந்தால் அதன் பெயர் தெரிந்திருக்கும். இவருக்குச் சட்டை அலமாரியில் விளைகிறது. எனக்கு அழுகை முட்டியது. இந்த ஆள் முன்னாலா அழுவது என்று அடக்கிக்கொண்டு, பச்சைப் பூக்களைப் பொறுக்கி ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டேன்.

"இலையப் போயி எதுக்குப் பொறுக்கறே?" என்று கேட்டுவிட்டு டிவி பார்க்கப் போனார்.

அடிமரம் முழங்கால் உயரத்துக்கு நின்றிருந்தது. குனிந்து வெட்டச் சோம்பல். அந்தச் சோம்பேறித்தனத்தால் உயிர் தப்பியிருக்கிறது, விட்டால் துளிர்க்கும். ஷெட் வந்தால் அதையும் தோண்டிவிடுவார்.

அதே வாரத்தில் அளவெடுக்க வெல்டர் வந்தார். ஹாலில் உட்கார்ந்து தகரமா ஃபைபரா என்று ஐயாவோடு ஒரே ஆலோசனை. உள்ளே கிண்ணத்துப் பூக்கள் மஞ்சளாகிவிட்டிருந்தன. வீடே மணத்தது.

"என்ன சார், பழ வாசனை மாதிரி தூக்குது?" என்று வெல்டர் கேட்டார்.

"மனோரஞ்சிதம். நம்ம வீட்டுக் கொடிதான். நாலு வருஷமா வளர்க்கறோம்" என்றார் ஐயா, காலை ஆட்டிக்கொண்டே.

வளர்க்கறோமாம். கிண்ணத்தைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தேன்.

"வளர்த்தது நான். பூத்து நிக்கறப்ப வெட்டிப் போட்டது இவரு. வேர் இன்னும் இருக்கு. உங்க ஷெட்டு அது மேலதான் வரப்போகுது."

ஐயா காலாட்டுவதை நிறுத்திவிட்டுக் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். வெல்டர் ஒரு பூவை எடுத்து முகர்ந்து பார்த்தார். வந்ததிலிருந்து சார் சார் என்று உருகியவர், டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்போ நான் கெளம்பட்டுங்களா, அம்மா?"

"கெளம்புங்க" என்றேன்.